வாய் திறக்காத உத்தியோகம்

மற்ற உத்தியோகங்களில் பேசத் தெரிந்தவன் பிழைப்பான். மத்திய வங்கி கவர்னர் உத்தியோகத்தில் பேசாமல் இருக்கத் தெரிந்தவன்தான் பிழைப்பான். வட்டி ஏறுமா, இறங்குமா என்று என் புருவத்தைப் பார்த்தே பங்கு வாங்கியவர்கள் உண்டு. ஆபீஸுக்காக வீட்டிலும் வாயைப் பூட்டிக்கொண்டவர் யாராவது இருந்தால் வாருங்கள், நாம் ஒரே கட்சி.

சிதம்பரத்தில் பூ

மனைவி இறந்த பிறகு முதல் தடவையாகச் சிதம்பரம் கோயிலுக்குப் போனேன். முன்னால் போலீஸ், பின்னால் போலீஸ், பக்கத்தில் அதிகாரிகள். கீழ வீதியில் பழைய பழக்கத்தில் ரெண்டு முழம் மல்லி வாங்கிவிட்டேன். யாருக்கு வைப்பது என்று அப்புறம்தான் தோன்றியது. பூவும் கையுமாக நின்ற என்னைப் பார்த்துப் பூக்காரம்மா கேட்டார்: "கூட யாரும் வரலியா சார்?"

நெல்லிக்குப்பம் டிராக்டர்

என்னை "சார்" போடாமல் கூப்பிட மிச்சமிருந்தது ஒரே ஆள், ராஜவேலு. என் மனைவியின் அண்ணன், பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து சீட்டு; நெல்லிக்குப்பத்தில் கரும்பு போடுகிறான். ஒருநாள் போன் செய்தான். டிராக்டருக்கு பேங்க் லோன் ரெடி, இப்போதே எடுக்கலாமா, பொறுக்கலாமா என்று கேட்டான்.

வட்டி முடிவை அறிவிக்க ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் வட்டியைப் பற்றி மூச்சு விடக் கூடாது. அது எங்கள் தொழிலின் மௌன விரதம். குறையப் போகிறது என்று தெரிந்தும் "உன் இஷ்டம்" என்றேன். எடுத்துவிட்டான். அடுத்த வாரம் டிவியில் வட்டிக் குறைப்பை நானே அறிவித்தேன். அவன் லோன் மட்டும் பழைய வட்டியிலேயே நின்றது. உடனே போன் வந்தது: "பொறுடான்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா மச்சான்?"

மாடி ரூம்

அதற்குப் பிறகு அவனிடமிருந்து போனே இல்லை. ரிட்டயர் ஆகிக் கடலூரில் கடற்கரைப் பக்கம் வீடு பிடித்தேன். இப்போது எதை வேண்டுமானாலும் பேசலாம், கேட்கத்தான் ஆளில்லை. போன வாரம் மனசு கேட்காமல் நெல்லிக்குப்பம் போனேன்.

அதே டிராக்டரிலிருந்து இறங்கி வந்தான். பழைய கதையை எடுக்கவே இல்லை. "ஒண்டியா அங்க என்னா பண்ற? இங்கியே வந்துடு மச்சான். மாடி ரூம் சும்மாதான் கெடக்கு" என்றான்.

வந்துவிடுகிறேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். வந்ததோ, பத்திரிகைக்காரர்களிடம் வருஷக்கணக்காகச் சொல்லித் தேய்ந்த வாக்கியம்: "நிலைமையைக் கவனிச்சு, உரிய நேரத்துல முடிவு எடுக்கலாம்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னான்: "சரிங்க சார், உங்க சௌகரியம்."

நாட்டுக்கே வட்டி சொன்ன வாய்க்கு, "வரேன் மச்சான்" என்று சொல்ல மட்டும் இன்னும் பழக்கம் வரவில்லை.