முகம் சிவக்காத மாப்பிள்ளை

எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை பார்ப்பதென்றால் சாதகப் பொருத்தத்துக்குப் பிறகு இன்னொரு பரீட்சையும் உண்டு. மாப்பிள்ளையைச் சாட்டிக் கடற்கரைக்குக் குளிக்கக் கூட்டிப் போவார்கள். குளிப்பெல்லாம் பேச்சுக்கு. பனஞ்சாராயம் ஊற்றிக் கொடுத்து ஆள் எப்படித் தாங்குகிறான் என்று பார்ப்பதுதான் உண்மையான அலுவல். குடிக்காத ஒருவனைத் தேடலாமே என்ற யோசனை எங்கள் ஆண்கள் எவருக்கும் வந்ததில்லை.

பரீட்சை அதிகாரி என் தாய்மாமன். சண்டை நின்று சமாதானப் பேச்சுவார்த்தை நடந்த காலத்தில் எனக்கு இரண்டு சம்பந்தங்கள் வந்தன. முதலாவது ஆள் சரவணை, தபால் கந்தோரில் வேலை. அரைக் கிளாஸ் முடியுமுன்பே அவருக்கு முகம், கழுத்து, காது எல்லாம் செத்தல் மிளகாய் நிறமாகி, நெஞ்சு படபடக்கிறது என்று மணலில் குந்திவிட்டாராம். இரண்டாவது ஆள் முக்கால் போத்தலை முடித்து, நண்டுக் கறியும் சோறும் சாப்பிட்டு, தானே மோட்டார் சைக்கிள் ஓட்டி மாமாவை வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்.

"முதல் ஆள் மொடாக்குடியன், பிள்ளை. முகத்தைப் பாத்தாலே தெரியுது. மற்றவன் தங்கமான பெடியன். குடிச்சதே தெரியேல்லை" என்றார் மாமா.

அந்தத் தங்கத்தைத்தான் கட்டினேன். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன். ஈரலைப் பற்றி முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் கரும்பலகையில் கீறிக் காட்டத் தெரிந்த எனக்கு, மாமாவை மறுத்து ஒரு சொல் சொல்லத் தெரியவில்லை.

விஷயம் சின்னதுதான். சாராயத்தை ஈரல் இரண்டு கட்டமாக உடைக்கிறது. முதல் நொதியம் அதை அசற்றல்டிகைட்டு என்ற நஞ்சாக்கும். இரண்டாவது நொதியம் அந்த நஞ்சை, வினாகிரியில் இருக்கிற அமிலமாக மாற்றி அடக்கிவிடும். இந்த இரண்டாவது நொதியம் பிறப்பிலேயே சோம்பேறியாக அமைந்தவர்களுக்கு நஞ்சு தேங்கும். முகம் சிவக்கும், குமட்டும். சீனா, ஜப்பான் பக்கம் அப்படிப்பட்டவர்கள் நிறைய, எங்கள் ஆட்களில் குறைவு. அந்தக் குறைவான ஆட்களில் ஒருவர்தான் தபால் கந்தோர்க்காரர். அவரால் குடிகாரனாக வர நினைத்தாலும் ஏலாது. சில வருடங்களுக்கு முன் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்கு நின்றபோது அவரைக் கண்டேன். மனைவியும் அவருமாகச் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றி எரிந்தது.

என் கணவர் அடித்ததில்லை, விழுந்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. பின்னேரமானால் குடிப்பார், அவ்வளவுதான். இரண்டு கிளாசில் வந்த சுகத்துக்குப் பிறகு நான்கு தேவைப்பட்டது, பிறகு ஆறு. மூளையும் ஈரலும் பழகிக்கொண்டே போயின. போன வருடம் கண் மஞ்சளாகி வயிறு வீங்கியது. ஆஸ்பத்திரியில் டொக்டர், குடும்பத்தில் வேறு யாரும் குடிப்பார்களா என்று கேட்டார்.

"அப்பா நல்லாத் தாங்குவார்" என்றார் என் கணவர், கட்டிலில் படுத்தபடி, பெருமையாக.

"ரீச்சர், தாங்கிறவைதான் கூடக் குடிச்சு மாட்டுப்படுறவை" என்று டொக்டர் என் பக்கம் திரும்பினார். "போதும் எண்டு உடம்பு சொல்லாது. இது பரம்பரையாயும் வரலாம். மகன் இருந்தால் கவனமாப் பாருங்கோ."

ஒரே மகன் இருக்கிறான், இருபது வயது. அன்றிலிருந்து பின்னேரங்களில் அவன் வாயை மணந்து பார்க்கும் பைத்தியக்காரியாக மாறிவிட்டேன்.

போன மாதம் கனடாவிலிருந்து உறவுக்காரர் வந்தார்கள். கோயிலுக்கென்று சொல்லி மாமா என் மகனையும் அவர்களோடு வான் வண்டியில் ஏற்றினார். பின்னேரம் நாலு மணிக்குத் திரும்பி, வாசல் படலையடியிலேயே சத்தம் போட்டார்.

"பிள்ளை, உன்ரை மோன் தேப்பனை வெண்டிட்டான்! சாட்டியிலை ஆறு கிளாஸ் எடுத்தவன். ஒரு ஆட்டம் இல்லை."

எழுபத்தைந்து வயது மனிதரைக் கையிலிருந்த அகப்பையால் அடிக்க வேண்டும் போலிருந்தது. அதைவிட அவசரமான வேலை இருந்ததால் மகனை முற்றத்து வெளிச்சத்துக்கு இழுத்தேன். கன்னத்தைப் பார்த்தேன், காதைப் பார்த்தேன். வாந்தி வருகிறதா என்று கேட்டேன். பெற்ற பிள்ளை வாந்தியெடுக்க வேண்டுமென்று எந்தத் தாய் நேர்வாள்? நான் நேர்ந்தேன். எந்தக் கடவுளும் கேட்கவில்லை. அவன் நேராக நடந்து கிணற்றடியில் கால் கழுவினான்.

விறாந்தைக் கதிரையில், வீங்கிய வயிற்றில் கை வைத்தபடி, என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். மகன் ஜெயித்துவிட்ட சந்தோசம்!

நான் அழுவதைக் கண்டதும் மகன் ஓடிவந்தான்.

"ஏனம்மா அழுறியள்? அது எனக்கு ஒண்டுமே செய்யேல்லை."

இருபது வருடமாக ஒவ்வொரு பின்னேரமும் கணவர் எனக்குச் சொல்லிவந்த அதே வார்த்தை. கதிரையில் இருந்தவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவருடைய சிரிப்பு அப்போதுதான் நின்றது.