திரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஹார்ட் டிஸ்க்

வீட்டு வைஃபை பழுது பார்க்கிறவனுக்கு இதுவரை யாரும் சிரித்த முகத்தோடு கதவு திறந்ததில்லை. நல்ல நாளில் நம்மை யார் நினைக்கிறார்கள்? போனில் இருக்கும் படம் டிவியில் வரவில்லை, மாடி லேப்டாப்பில் போட்டது கீழே தெரியவில்லை, போன வாரம் இருந்த ஃபோல்டரை இந்த வாரம் காணவில்லை என்று வீடே ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் என் நம்பரைத் தேடுவார்கள். இதைப் படிக்கிற உங்கள் வீட்டு மூலையிலும் ஒரு பெட்டி விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டி உங்கள் உயிரை வாங்கிக்கொண்டிருக்கும். நாமெல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான், கூச்சப்படாமல் படியுங்கள்.

பாளையங்கோட்டையில் குடியிருந்துகொண்டு வள்ளியூர் வரை பைக்கில் போய் இந்த வேலை பார்க்கிறேன். மற்ற வீடுகளின் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். மேலப்பாளையத்து வீடு ஒன்றைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்ல வரவில்லை. அங்கே ஒரு பெண்ணுக்கு, இறந்துபோன கணவரின் முகமும் குரலும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் மட்டுமே மிச்சம் இருந்தது. அதுவும் காணாமல் போயிருந்தது. அந்த வீட்டுக்குப் போகுமுன் வழியில் இரண்டு வீடுகளில் நுழைந்துவிட்டுப் போவோம்.

காற்றில் ஒரு சுவர்

வள்ளியூரில் அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்து, வீட்டுக் கூடமான பட்டாசாலைக்கு நடுவே சுவர் எழுப்பிவிட்டார்கள். பேச்சுவார்த்தையும் அன்றோடு நின்றது. வைஃபை பெட்டி அண்ணன் பக்கமும் பிரிண்டர் தம்பி பக்கமும் நின்றுவிட்டதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. அண்ணன் உரக்கடை வைத்திருப்பவர். கம்ப்யூட்டரில் பிரிண்ட் கொடுப்பார், ஒன்றும் வராது. திரும்பத் திரும்பக் கொடுப்பார். எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி வீட்டில் வந்து விழுந்துகொண்டிருந்தது.

விழுந்ததில் ஒன்று அண்ணன் மகளின் கல்யாணப் பத்திரிகையின் மாதிரிப் பிரதி. தன் பெயர் இல்லாத பத்திரிகையைத் தம்பி தன் வீட்டு பிரிண்டரிலேயே படித்திருக்கிறார். படித்துவிட்டு, மடிக்காமல், அண்ணன் வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விட்டார். நான் போனபோது அண்ணன் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருந்தார். ஒரு பேச்சுக்காகவாவது, "தம்பி பேரையும் போட்டுரலாமே அண்ணாச்சி" என்றேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்.

"செங்கச் சுவரு எழுப்பியாச்சு. காத்துலயும் ஒரு சுவரு எழுப்பிட்டுப் போரும்வே."

பாட்டுப் புத்தகம்

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர். சாமுவேல் சார் என்று வைத்துக்கொள்வோம். பேரப்பிள்ளைகளின் படங்கள் வைஃபை பெட்டியில் செருகிய டிஸ்க்கில் இருந்தன. சாரின் டேப்லெட்டிலும் பார்க்கலாம், சார் வீட்டு அம்மாவின் போனிலும் பார்க்கலாம், டிவியிலும் பார்க்கலாம். டேப்லெட்டில் அடைசலாக இருக்கிறதென்று சார் ஒரு மத்தியானம் எல்லாவற்றையும் அழித்துத் துப்புரவு செய்துவிட்டார். சாயங்காலம் அம்மா போனைத் திறந்தால் பேரப்பிள்ளைகள் யாரும் இல்லை.

நல்லவேளையாக அதற்குப் பிறகு கரண்ட் போய்ப் பெட்டி அணைந்திருந்தது. அழித்தது உடனே அழிந்துவிடாது. குடியிருந்தவர் காலி செய்த வீட்டில் பழைய சாமான் கிடப்பதுபோல, புதுக் குடித்தனம் வந்து இறங்கும்வரை அங்கேயே கிடக்கும். டிஸ்க்கில் வேறெதுவும் பதியாததால் அத்தனை பிள்ளைகளையும் மீட்டுக் கொடுத்தேன். ஆறு ஒன்றுதான் சார், படித்துறைதான் ஆளுக்கொன்று. நீங்கள் உங்கள் துறையில் நின்று கலக்கினாலும் எல்லாருக்கும் கலங்கும் என்று விளக்கினேன். சார் முப்பது வருஷம் பாடம் நடத்தியவர், ஞாயிறுதோறும் சர்ச்சில் பாடுகிறவர், அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாரா?

"நான் என் பாட்டுப் புஸ்தகத்துல ஒரு பக்கத்தக் கிழிச்சா, கோயில்ல உள்ளவங்க எல்லாரு புஸ்தகத்துலயுமா தம்பி கிழியும்?"

துக்க வீட்டு வாசல்

மேலப்பாளையத்து மைதீன் பாய் ஜவுளிக்கடை வைத்திருந்து, முடியாமல் விட்டவர். அவர் மகன் சாகுலுக்குச் சவூதியில் வேலை. ஒருநாள் நெஞ்சுவலி என்று உட்கார்ந்த சாகுல் எழுந்திருக்கவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். உடுப்புகள் பெட்டியில் வந்தன, போன் வரவில்லை. வீட்டில் பாய், அவர் மனைவி, சாகுலின் மனைவி ரஹ்மத், மூன்றே பேர்.

சாகுல் தினம் ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்புகிற பழக்கம். மனைவி போனில் இடம் நிரம்பிவிடுகிறதென்று, கடைசி லீவில் வந்தபோது அவரே ஒரு ஏற்பாடு செய்திருந்தார். வருகிற வீடியோவெல்லாம் போனிலிருந்து தானாக நகர்ந்து டிஸ்க்குக்குப் போய்விடும். உள்ளறையில் இருந்து ரஹ்மத் போனில் பார்க்கலாம், முன்னறையில் இருந்து வாப்பாவும் உம்மாவும் டிவியில் பார்க்கலாம். வாசலில் ஒரு கேமராவும் மாட்டி, ஆள் நடமாட்டம் தெரிந்தால் அதே டிஸ்க்கில் பதிகிற மாதிரி வைத்திருந்தார். அக்கறையான மனுஷர்.

அந்த வீடியோக்களைத்தான் காணவில்லை. காணாமல் போய் நாலைந்து நாள் ஆகியிருந்தது. எனக்கு உடனே சொல்லாததற்குக் காரணம் இருந்தது. ரஹ்மத் இத்தாவில் இருந்தார். கணவரை இழந்த பெண் நாலு மாதத்துக்கு மேல் வெளி ஆண்கள் முகத்தில் விழிக்காமல் இருக்கிற காலம் அது. வைஃபை பெட்டியும் டிஸ்க்கும் அவர் இருந்த உள்ளறையில். எனக்கு முன்னறை மட்டும். நடுவில் பச்சை நிறத் திரை. நான் லேப்டாப்பைத் திறந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்திலிருந்து ரஹ்மத்தின் குரல் வந்தது.

"என் போன்ல ஒண்ணுகூட இல்ல அண்ணே, எல்லாத்தையும் அதுலதான் போட்டு வச்சிருந்தாக."

பிடுங்கக் கூடாது

நெட்வொர்க்கில் ஒரு கோளாறும் இல்லை. இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். டிஸ்க் சுத்தமாகத் திறந்தது. சாகுல் என்ற ஃபோல்டர் காலி. வாசல் என்ற ஃபோல்டர் நிறைந்து வழிந்தது. அதாவது யாரோ கைப்பட அழித்திருக்கிறார்கள். அதற்கு மேல் கேமரா பதிந்துகொண்டிருக்கிறது.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அது துக்க வீடு. காலையிலிருந்து சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், கடையில் பழகியவர்கள் என்று வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவர் வந்து செருப்பைக் கழற்றும்போதும் கேமரா விழித்து ஒரு துண்டு பதிகிறது. ஒவ்வொரு துண்டும் சாகுலின் ஒரு துண்டின் மேல் போய் உட்காருகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடையும் கையுமாக இரண்டு பெண்கள் படியேறினார்கள்.

"தங்கச்சி, கறுப்பா ஒரு சின்னப் பெட்டி, நீல லைட்டு எரியும், அத உடனே பிடுங்குங்க!" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். பாய் மனைவி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். அவருக்கு எது பெட்டி, எது லைட்டு என்று தெரியவில்லை. "இதா தம்பி? இதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். நான் எழுந்து நாலு எட்டு வைத்தால் வேலை முடிந்தது. எட்டு வைக்க முடியாது. எத்தனையோ வீட்டில் கட்டிலுக்கு அடியில் படுத்து வயர் இழுத்தவன், அந்தத் துணிக்கு இந்தப் பக்கம் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். கடைசியில் ரஹ்மத்தே பேசினார். அவருக்கு எந்தப் பெட்டி என்று முதலிலேயே தெரியும்.

"நான் வார வரைக்கும் இதப் பிடுங்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாக அண்ணே."

தெருமுனை வரை

ரஹ்மத்தே பிடுங்கினார். பாய் மனைவி அதை ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கொடுத்த விதத்தில் எனக்கு அதை பைக் பெட்டிக்குள் போட மனசு வரவில்லை. சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

மைதீன் பாய் தெருமுனை வரை கூடவே வந்தார். டீக்கடையைத் தாண்டியதும் நின்று என் கையைப் பிடித்தார். டிவியைப் போட்டாலே அந்த ஃபோல்டர்தான் முதலில் வந்து நிற்குமாம், மகன் முகத்தோடு. செய்தி பார்க்கலாம் என்று போட்டாலும் மகன். சத்தத்துக்காகப் போட்டாலும் மகன். ஒருநாள் தாங்கமுடியாமல் ரிமோட்டை எடுத்து அழித்திருக்கிறார். சாமுவேல் சார் செய்த அதே தப்பு. ஆனால் சாருக்குச் சொன்ன ஆற்றையும் படித்துறையையும் இவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

"என் டிவில உள்ளத மட்டுந்தான் எடுத்தேன் தம்பி. அவ போன்ல இருக்கும்னுல்லா நெனச்சேன். அவகிட்டச் சொல்லிராதீக."

பெயர் ஒருவருடையது

திருநெல்வேலி டவுனில் என் கூட்டாளி தங்கராஜ் கடையில் இதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. டிஸ்க்கை மாட்டினோம். அழிந்த கோப்புகளின் பெயர்கள் வரிசையாக மேலே வந்தன. எல்லாம் சாகுலின் வீடியோக்கள். அப்பாடா என்று ஒன்றைத் திறந்தேன். ஒரு வயசாளி செருப்பைக் கழற்றுகிறார். அடுத்ததைத் திறந்தேன். இரண்டு பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியேறுகிறார்கள். பெயர் அவருடையது, உள்ளே அவருக்காக அழ வந்தவர்கள். திறக்கத் திறக்க அதேதான்.

முழுசாகத் தேறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் இரண்டில் படம் உடைந்திருந்தது. நீளமான ஒன்றில் சாகுலின் முகமே இல்லை. போனை மேஜையில் மல்லாக்க வைத்துவிட்டுச் சாப்பிட்டிருக்கிறார். சீலிங் ஃபேன் சுற்றுகிறது. ரசத்தில் புளி தூக்கல், உன்னிடம் கேட்டுத்தானே வைத்தேன், உன் தப்பு என்று ஃபேனுக்குக் கீழே அவர் குரல் சிரிக்கிறது. விடமுடியாமல் மறுபடி மறுபடி தேடச் சொன்னேன். தங்கராஜ் என் தோளில் கைவைத்தான்.

"இதுக்கு மேல நோண்டாதலே. கெடச்சத எடுத்துக்கிட்டு எந்திரி."

மிஷின் கோளாறு

திருப்பிக் கொடுக்கப் போனபோது பாய் சாயங்கால அஸர் தொழுகைக்குப் போயிருந்தார். பாய் மனைவியிடம் தேறியதை எல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். கூடவே இன்னொரு பென் டிரைவில் இன்னொரு நகலும். இந்த வீட்டில் இனி எதுவும் ஒன்றாக மட்டும் இருக்கக்கூடாது என்று எனக்கு ஒரு வைராக்கியம். உள்ளே ஃபேன் வீடியோ ஓடுகிற சத்தம் கேட்டது. புளி தூக்கல் என்கிற இடம் வந்ததும் நிறுத்தி, மறுபடி அதே இடத்தை ஓடவிட்டார்கள். நான் திரையைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து ரஹ்மத் கேட்டார். "எப்படி அழிஞ்சுதுன்னு தெரிஞ்சுதா அண்ணே?"

"மிஷின் கோளாறும்மா. டிஸ்க்கு பழசு" என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் பெருசாகிவிடும்.

திரையை ஒட்டி வந்து மெதுவாக, மாமியாருக்குக்கூடக் கேட்காத குரலில், ரஹ்மத் சொன்னார். "மாமாதான்னு எனக்குத் தெரியும் அண்ணே. மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வந்து டிவியப் போட்டாக. டிவிக்குள்ள இவுக பேசுத சத்தம் கேட்டுச்சு. பொறவு மாமா அழுத சத்தம். பொறவு ஒண்ணுமே இல்ல. மாமா ரிமோட்டத் தொடுததுக்கு முன்னாலயே மிஷினு கெட்டுக் கெடந்துச்சுன்னு அவுககிட்டச் சொல்லிருங்க. தன் கையால போச்சுன்னா அவுக தாங்க மாட்டாக."

பள்ளிவாசலிலிருந்து வந்த பாயை வாசலிலேயே மறித்தேன். டிஸ்க்கைக் கொண்டுபோன அன்றே வாசல் கேமராவையும் கழற்றியாயிற்று, நாங்கள் பேசுவது எதிலும் பதியாது. "பாய், நீங்க அழிச்சதால போகல. டிஸ்க்கு அதுக்கு முன்னாலயே கெட்டுப்போச்சு, உள்ள ஒண்ணுமே இல்ல, டிவில பேரு மட்டுந்தான் தெரிஞ்சிருக்கு" என்றேன். அந்த டிவியில் மகன் பேசக் கேட்டு அழுதவரிடம்தான் இதைச் சொல்கிறேன். காலமெல்லாம் துணி விற்றவர், எது சாயம் போகும், எது நிற்கும் என்று தடவிப் பார்த்தே சொல்லக்கூடியவர். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இதையே உள்ள அவகிட்டயும் சொல்லிட்டீகளா தம்பி?"

பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. ஒரு வீட்டில் மட்டும், கண்டுபிடித்ததைச் சொல்லாமல் பாவம் அந்த டிஸ்க்கின் மேல் பழியைப் போட்டுவிட்டு வந்தேன், அந்த ஒரு வீட்டிலிருந்துதான் இதுவரை யாரும் குறை சொல்லி என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை.