மரியாதை தெரியாத திரை

திரையில் பொத்தானை எங்கே வைப்பது என்று யோசிக்கச் சம்பளம் தருவார்கள், அதைத் தொடப்போகிறவர் யார் என்று யோசித்தால் மட்டும் முறைப்பார்கள். அதுதான் என் தொழில். ஏதோ ஓர் இயந்திரத்தின் முன் நின்று 'தவறான பதிவு' என்று அவமானப்பட்டவர்களே, உங்களுக்கு என் கோபம் புரியும். 2009 வாக்கில் சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில், நோயாளிகளே தொட்டுப் பதிவு செய்கிற பேசும் திரையை வைத்தோம்.

நீ

'நீங்கள்' என்று எழுதினால் பொத்தானில் இடம் போதவில்லையாம். என்னைக் கேட்காமலே எங்கள் கடலூர் அலுவலகத்தில் எல்லாவற்றையும் 'நீ' ஆக்கிவிட்டார்கள். "உன் பெயரைத் தொடு" என்று திரை அதட்டியதும், காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் விரலை இழுத்துக்கொண்டார்.

"வாய்க்கா சண்டையில எதுத்து நிக்கிறவன்கூட என்னைய வாங்கன்னுதாம்மா கூப்புடுவான். இது யாரு பெத்த புள்ள?"

ஒலிபெருக்கி

அடுத்த வாரம், நோயாளியின் பெயரோடு போகவேண்டிய பிரிவையும் சேர்த்து இயந்திரமே உரக்கக் கூப்பிட ஏற்பாடு செய்தார் எங்கள் மேலாளர். வேண்டாம் சார் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை.

பரங்கிப்பேட்டைப் பெண் ஒருத்தி. கணவர் துபாயிலிருந்து லீவில் வந்திருந்த சமயம், யாருக்கும் சொல்லாமல் இருவரும் வந்திருந்தார்கள். அவள் பெயரைச் சொல்லி, "குழந்தையின்மைப் பிரிவு" என்று கூடம் அதிர அறிவித்தது இயந்திரம். பின்வரிசையில் அவர்கள் தெருக்காரர்கள் இருந்தார்கள். அவள் எழுந்து வாசலுக்கு நடந்தாள். டாக்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று பின்னாலேயே ஓடினேன்.

"ஊருக்கே மைக் வச்சு சொல்லியாச்சு. இனிமே உள்ள வந்து என்னத்தக் காட்டச் சொல்றீங்க?"

கணவர் பெயர்

பெண்கள் கணவர் பெயரையோ அப்பா பெயரையோ தரலாம் என்றுதான் நான் வடிவமைத்திருந்தேன். மேலாளர் அப்பாவை எடுத்துவிட்டு, கணவரைக் கட்டாயமாக்கிவிட்டார். புவனகிரியிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது. அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு மறு கையால் 'அடுத்து' என்பதை அழுத்திக்கொண்டேயிருந்தார். திரை நகரவில்லை. மேலாளருக்குப் போன் போட்டேன். "ஏதாச்சும் ஒரு பேர அடிச்சுட்டுப் போவச் சொல்லுங்க" என்றார். வெட்கத்தோடு அதை அப்படியே அந்த அம்மாவிடம் சொன்னேன்.

"இந்தக் கையை முறிச்சதே அவன்தாம்மா. அவன் பேரச் சொன்னாத்தான் கட்டுப் போடுவீங்களா?"

கூட்டம்

அந்த அம்மாவை நானே டாக்டரிடம் அழைத்துப் போனேன். சாயங்காலமே அந்தக் கட்டத்தை நீக்கினேன், ஒலிபெருக்கியையும் நிறுத்தினேன். மறுநாள் கூட்டத்தில் மேலாளர் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"மேடத்துக்கு எமோஷன் கொஞ்சம் ஜாஸ்தி."

மனிதரை அறிந்த இயந்திரம் செய்கிறோம் என்று எங்கள் அலுவலகப் பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறது, திரையைத் தொடுகிற மனிதரை நேரில் பார்க்கத்தான் நான் லீவு போட்டுவிட்டுப் போகவேண்டியிருக்கிறது.