ஏரிக்கரைச் சீனத்தம்மாவுக்குப் பெயிண்ட் அடித்த கதை

கோயில் சிலைகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் கழுத்து என்றைக்கும் நேராக நிற்காது; சாரம் ஏறிப் பிழைக்கும் உங்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. போன ஐப்பசியில் உத்திரமேரூர் பக்கம் ஓர் ஏரிக்கரைக் கோயிலில் மட்டும், பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தே எனக்குச் சுளுக்கிக்கொண்டது.

கறுத்த முகம்

பர்மாவிலிருந்து கப்பலேறி வந்து அந்தக் கரையில் குடிசை போட்ட சில குடும்பங்கள் கட்டிய கோயில் அது. அவர்கள் கிளம்பும்போது பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம், தண்ணீரில் போகிறவர்களைக் காப்பாற்றுவாள் என்று தங்கள் கடல் தெய்வத்தின் மரச்சிலையைக் கையில் கொடுத்து அனுப்பியதாம். ஊரார் அவளைச் சீனத்தம்மா என்கிறார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சுலோசனா அக்கா, அப்படி வந்தவர்களில் ஒருவருடைய மகள்.

சிலையின் முகம் கரியாய் இருந்தது. ஊதுபத்திப் புகைதான் என்று டர்பன்டைனில் துணி நனைத்துத் துடைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது பொக இல்ல நைனா. கப்பல்ல ஏறச்சொல்ல மஞ்சளா இருந்தாளாம், எறங்கச்சொல்ல இப்படி. நடுக்கடல்ல இன்னாத்த பார்த்தாளோ!"

காதுக்காரன்

அம்மாவின் இரண்டு பக்கமும் சிமெண்டில் காவல் பூதங்கள். ஒன்று நெடுந்தூரம் பார்க்கும். மற்றது கையைக் காதோரம் வைத்துக் குனிந்து நெடுந்தூரம் கேட்கும். கேட்கிறவனுக்கு உச்சி வெயிலில் பச்சை அடித்துக்கொண்டிருந்தேன். கூட்டாளி ஏகாம்பரம் டீ வாங்கப் போயிருந்தான். சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. "இந்த ஊரு வேலையே வேணாம், சாயங்காலம் மூட்ட கட்டிடணும்" என்று வாய்க்குள் முனகினேன்.

வயல் தாண்டி வீட்டிலிருந்த அக்கா சற்று நேரத்தில் மூச்சிரைக்க வந்தார். "இன்னா நைனா, மூட்ட கட்றேன்னியாமே?" யார் சொன்னது என்று கேட்டேன். அக்கா பச்சைக்காரன் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அவங்கிட்ட பேச்சு வச்சிக்காத. கேட்டத அப்படியே சொல்லிடுவான்."

பார்வை

மறுநாள் காலை அம்மாவின் சட்டைக் கைக்குச் சிவப்பு எனாமல் அடித்துவிட்டு, பார்க்கிற பூதத்துக்குக் கருவிழி வைத்தேன். நேராக வாசலைப் பார்க்கும்படிதான் வைத்தேன். ஏகாம்பரமும் கீழே நின்று சரி பார்த்தான். இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வந்தால் விழிகள் கடைக்கண்ணில், ஏரிப் பக்கம். ஏகாம்பரத்தைத் திட்டினேன். "உங்கூடத்தானே இருந்தேன்!" என்றான் அழாக்குறையாக.

சத்தம் கேட்டு வந்த அக்கா அந்த விழியைப் பார்த்தார். "ஐயோ, எம்புருசன்!" என்று மதகை நோக்கி ஓடினார். நாங்களும் ஓடினோம். மழையில் நிரம்பிய ஏரி. வலை எடுக்கப் போன அவர் கணவர் முருகேசன், காலில் வலை சுற்றி, மதகடியில் நினைவில்லாமல் கிடந்தார். உடம்பு முழுக்கத் தண்ணீரில். தலை மட்டும், யாரோ பின்னாலிருந்து தூக்கிப் பிடித்தாற்போல் நிமிர்ந்திருந்தது.

கரையில் இழுத்துப் போட்டு வயிற்றை அமுக்கினோம். இருமினார், கண் விழித்தார். அக்கா அவர் நெஞ்சில் விழுந்து அழுதார். சட்டைக் காலரைத் தளர்த்திய என் விரலில் காயாத சிவப்பு ஒட்டியது. காலையில் நான் அடித்த அதே எனாமல். முருகேசன் எங்கள் முகங்களைத் தாண்டி ஏரியைப் பார்த்தார். "என்னப் புடிச்சிகினு இருந்த அம்மா எங்க? தண்ணியிலயே வுட்டுட்டு வந்துட்டீங்களா?"

பெயிண்ட் காயும்வரை தொடாதீர்கள் என்று பக்தர்களைத் தடுக்கலாம்; சாமிக்கே அவசர வேலை வந்துவிட்டால் நம்மைப் போன்ற பெயிண்டர்கள் யாரிடம் போய்ச் சொல்வது?