வீதிப் பெயருக்கு வைத்த கையெழுத்து

நகரசபையிலிருந்து கடிதம் வந்தால் நான் இரண்டு முறை வாசிப்பேன். இரண்டாவது முறை, என்ன எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க.

அந்தக் கடிதம் எங்கள் வீதியின் பெயரை மாற்றுவது பற்றியது. ஹம் என்ற ஜெர்மன் நகருக்குப் பக்கத்துச் சின்ன நகரம் எங்களுடையது. வீதிக்கு ஆபிரிக்காவில் சண்டை பிடித்த ஒரு பழைய படை அதிகாரியின் பெயர். வீதி போடுவதற்கு முன், அங்கே வயலாக இருந்த காலத்தில் சனங்கள் சொன்ன பெயரைத் திரும்ப வைக்கலாமா என்று எங்களிடம் கேட்டிருந்தார்கள். கூட்டம் வைத்து, எல்லோரும் பேசிய பிறகு சபை வாக்கெடுக்குமாம்.

கேட்கிறார்களாம்! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் பிறந்த எங்கள் ஊரில் ஒரு காலை எழும்பிப் பார்த்தபோது சந்திப் பலகையில் ஊருக்கு வேறு பெயர் இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை. பலகைக்குப் பிறகு இராணுவ முகாம் வந்தது. அதன்பிறகு எங்கள் காணிக்குள் எங்களால் கால் வைக்க முடியவில்லை. பெயரை மாற்றுகிறார்கள் என்றால், அடுத்து எதையோ எடுக்கப் போகிறார்கள் என்றே என் புத்திக்குப் படும்.

மேல்மாடிக் கிழவர் ஒரு தாளோடு கதவைத் தட்டினார். மாற்ற வேண்டாம் என்று கையெழுத்துச் சேர்க்கிறார். வங்கி, காப்புறுதி, வைத்தியர் என்று எல்லா இடமும் முகவரி மாற்ற அலைய வேண்டிவரும் என்றார். இருபது வருடத்தில் அவர் என்னோடு இவ்வளவு நேரம் பேசியதில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். என் சந்தேகம் முழுவதையும் நகரசபைக்கே கொடுத்துவிட்டதால் இவருக்கு மிச்சம் இருக்கவில்லை. கையெழுத்து வைத்தேன்.

மனைவிக்குக் கோபம்.

"ஆரெண்டே தெரியாத ஒருத்தன்ர பேருக்கு நீங்கள் ஏன் காவல் நிக்கிறியள்?"

"பேர் மாத்தினா என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியும். நீர் சும்மா இரும்."

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு ஆபிரிக்கப் பெண் பேச எழுந்தாள். பேசவென்றே கூட்டி வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அதிகாரி தன் பூட்டனின் ஊரை எரித்தவன் என்றாள். எரித்த இடத்தில் முகாம் கட்டி, ஊருக்கே தன் பெயரை வைத்தவனாம். சொந்தப் பெயர் வரைபடத்துக்குத் திரும்பி வர எத்தனையோ காலம் எடுத்ததாம். முகாம் என்ற சொல்லோடு எனக்கு எங்கள் காணி நினைவுக்கு வந்தது.

கிழவர் எழுந்து தாளை உயர்த்தினார். மற்றக் கையால் என்னைக் காட்டினார்.

"வெளிநாட்டவர்களும் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். இதோ, அவருக்கே இந்தப் பெயரால் பிரச்சினையில்லை."

மண்டபமே திரும்பியது. அவளும் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். நீயுமா என்றுதான் பார்த்தாள். வெட்கத்தில் தலை நிமிர முடியவில்லை.

அடுத்த நாள் காலை, கிழவர் சபையிடம் கொடுத்த தாளிலிருந்து என் கையெழுத்தைத் திரும்பப் பெற நகரசபைக்குப் போனேன். ஒரு படிவம் தந்தார்கள். பெயர், முகவரி, பிறந்த இடம். பழக்கத்தில் மளமளவென்று நிரப்பிவிட்டுப் பார்த்தால், பிறந்த இடத்தில் நான் எழுதியிருந்தது அந்தச் சந்திப் பலகையில் வந்த பெயர். ஊரைவிட்டு வந்தபின் எடுத்த பத்திரங்களில் எல்லாம் அதுதான். இருபது வருடமாக ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அதை என் கையாலேயே எழுதி வந்திருக்கிறேன்.

அதை வெட்டிவிட்டு, எங்கள் ஊரின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

அலுவலகப் பெண் படிவத்தையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது பொருந்தவில்லையே. இப்படி இருந்தால் கையெழுத்தை நீக்க முடியாது" என்று புதுப் படிவம் ஒன்றை நீட்டினாள்.

அந்த ஆபிரிக்கப் பெண்ணின் பூட்டன் ஊரை எரித்தவனின் பக்கத்திலிருந்து விலக, என் ஊரைப் பறித்தவர்கள் வைத்த பெயரை இன்னொரு முறை எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். வெட்டிய படிவத்தை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.