சரணத்துக்கு அரைக்கட்டை

மன்னார்க்காரரான லெம்பேட்டுக்குப் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றும் வேலை. சனிக்கிழமைகளில் அக்கோர்டியன் வாசிப்பார். முப்பது ஆண்டுகளாக அவர் கட்டிய, சனத்தை ஆடவைக்கும் பைலாப் பாட்டு இல்லாமல் அங்கே தமிழ்க் கலியாணம் களைகட்டியதில்லை. அவற்றில் மிகச் சிறந்ததைப் பாடகர் றெஜினோல்ட் தான் எழுதியதாகச் சொல்லி இறுவட்டில் வெளியிட்டபோது லெம்பேட் சண்டைக்குப் போகவில்லை. காத்திருந்தார்.

மாதா திருவிழா மேடையில் றெஜினோல்ட் அதே பாட்டைப் பாட, லெம்பேட்டே அக்கோர்டியன் வாசிக்க வேண்டி வந்தது.

"வழமையான கட்டைதானே, அண்ணை?" என்றார் றெஜினோல்ட்.

"ஓம், நீர் பாடும்."

ஒவ்வொரு சரணம் முடியவும் லெம்பேட் சுருதியை அரைக்கட்டை ஏற்றினார். மூன்றாவதில் றெஜினோல்டின் கழுத்து நரம்பு புடைத்தது. ஐந்தாவதில் குரல் உடைந்து கீச்சிட்டது. சனம் சிரித்தது.

லெம்பேட் ஒலிவாங்கிப் பக்கம் குனிந்தார். "பாட்டைக் கட்டினவருக்கே பாட ஏலாதோ? அப்ப மிச்சத்தை நான் பாடுறன்."

பழைய கட்டைக்கு இறங்கி, இறுவட்டில் வெட்டப்பட்டிருந்த கடைசிச் சரணத்தைப் பாடினார். அது 'லெம்பேட் கட்டின பாட்டிது' என்று முடிந்தது. றெஜினோல்ட் மேடையை விட்டு இறங்கும்வரை அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார்.