தட்சன் காருக்கு ஆட்டுத் தலை

என் காரின் மூக்கில் ஓர் ஆட்டுத் தலை இருக்கிறது. இரும்பு ஆடு. கொம்பு இரண்டும் சுருண்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, முட்ட வருகிற மாதிரி நிற்கும். ஜப்பானில் இந்தக் காரைச் செய்தவர்கள் அதை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன். உலகத்தில் எத்தனையோ டட்சன் ஓடியிருக்கும். ஆட்டுத் தலை வைத்த டட்சன் என்னுடையது ஒன்றுதான். வேறொன்று இருந்தால் கொண்டுவந்து காட்டட்டும்.

போன மாதம் என் மகன், பழைய கார்களைப் புதிதாக்கிக் கொடுக்கிற ஒருவரைக் கொழும்பிலிருந்து கூட்டி வந்தான். பேத்தி கல்யாணத்துக்கு இந்தக் காரில்தான் பெண் போக வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. வந்தவர் அரை நரை விழுந்த மனிதர், நல்ல கைகாரர். தட்டிப் பார்த்தார், அடியில் படுத்துப் பார்த்தார், எஞ்சினை ஓட விட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். எல்லாம் அசல் என்று தலையை ஆட்டினார். கடைசியில் பொனட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

“ஐயா, இந்த ஆட்ட மட்டும் கழட்டிரலாம். ரெண்டு ஓட்டையையும் அடைச்சு பெயின்ட் அடிச்சா கம்பனியில இருந்து வந்த மாதிரியே இருக்கும்.”

மகனும் சரி என்றான். கார் என் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் ஆட்டைக் கழற்றலாமா கூடாதா என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அது யாருடைய உரிமை என்று சொல்வதற்கு நாற்பத்தைந்து வருடம் பின்னால் போக வேண்டும்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தெரணியகலைக்கு மேலே, பாதி ரப்பரும் பாதி தேயிலையுமான தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்தேன். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், அம்மா கொழுந்தெடுத்தார். எனக்கு இரண்டிலும் கை ஓடவில்லை. தோட்டத்து லொறியில் கிளீனராக ஏறிக்கொண்டேன். அது வெள்ளைக்காரத் துரைமார் காலத்து அமெரிக்க லொறி. மேட்டில் நின்றுவிட்டால் குதித்து இறங்கி டயருக்குப் பின்னால் கட்டை போடுவதுதான் என் வேலை. கட்டை போட்ட கை பிறகு ஸ்டியரிங் பிடித்தது. அதே கை பிறகு சொந்தக் காரின் கதவைத் திறந்தது. எங்கள் தோட்டத்தில் லயத்துக்காரன் ஒருவன் தன் பெயரில் கார் எழுதியது என்னோடு தொடங்கியது. இதை யாரும் மறுக்க மாட்டார்கள். மறுக்கக்கூடியவர்கள் இப்போது உயிரோடும் இல்லை.

அந்தக் காலத்தில் தெரணியகலை டவுனில் வாடகைக்கு நின்றதெல்லாம் இங்கிலாந்துக் கார்கள். பெரிய உடம்பு, தோல் சீட், நல்ல அழகு. ஆனால் எல்லாமே கிழடு தட்டியவை. மேடு ஏறினால் தண்ணீர் கொதிக்கும். எந்த ஓடையில் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது டிரைவர்மாருக்கு மனப்பாடம். இறக்குமதியைத் திறந்து விட்ட பிறகு ஜப்பான் கார்கள் வந்தன. பார்த்தவர்கள் சிரித்தார்கள். தகரம் மெல்லிசாம், பிஸ்கட் டின்னுக்குச் சக்கரம் போட்ட மாதிரி இருக்கிறதாம்.

நான் சிரிக்கவில்லை. மாவனல்லையில் வாகனம் விற்கிற ஹாஜியார் ஒருவரின் முற்றத்தில், பாலை அதிகம் விட்ட தேத்தண்ணி நிறத்தில் அந்த டட்சன் நின்றது. சாவியைப் போட்டுத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. அணைத்து மறுபடி திருப்பினேன், மறுபடி பிடித்தது. லொறிக்குக் கைப்பிடி போட்டுச் சுற்றியே தோள் கழன்றவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று வண்டி ஓட்டினவனுக்குத்தான் தெரியும். பொனட்டைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. இங்கிலாந்துக் கார்களின் நட்டுகள் அங்குலக் கணக்கு, இதற்கு மில்லிமீட்டர். பத்து, பன்னிரண்டு, பதினாலு. இந்த மூன்று ஸ்பெனர் சாவி இடுப்பில் இருந்தால் பாதிக் காரைக் கழற்றிப் பூட்டலாம். தெரணியகலையில் அந்த மூன்றையும் முதலில் வாங்கினவன் நான். எங்கள் சிங்கள மெக்கானிக், நாங்கள் ‘பாஸ்’ என்று கூப்பிடுகிறவர், என்னிடம்தான் இரவல் வாங்குவார்.

ஹாஜியார் அந்தப் பெயரின் கதையையும் சொன்னார். ஜப்பானில் மூன்று பேர் கைகொடுத்து அந்தக் கம்பனியை நடத்தினார்களாம். மூவர் பெயரிலும் முதல் எழுத்தை எடுத்து ‘டாட்’ என்று வைத்தார்கள். அவர்கள் பாஷையில் அது பாய்ந்து ஓடுகிற முயலையும் குறிக்குமாம். பிறகு சின்னக் கார் ஒன்று செய்தபோது, பெரியதின் மகன் என்று இங்கிலீஷில் ‘சன்’ சேர்த்தார்கள். ஆனால் அந்த எழுத்தை ஜப்பான்காரன் படித்தால் நட்டம் என்ற அர்த்தம் வந்துவிடுமாம். அதனால் ஓர் எழுத்தை மாற்றி, இங்கிலீஷில் அதே சத்தம் வருகிற சூரியன் என்று ஆக்கிவிட்டார்கள்.

“பேர் சரியில்லண்டு அவங்களே மாத்திட்டாங்க தம்பி,” என்றார் ஹாஜியார். “பேருக்கே இவ்வளவு பார்க்கிற ஆக்கள், வண்டியக் கவனமாத்தான் செஞ்சீப்பாங்க.”

பெயரை நான் கவனிக்காமல் விட்டேன். அதுதான் என் பிழை.

கார் வந்ததும், எங்கள் ஆட்கள் படிக்க வேண்டுமே என்று பின்பக்கத்தில் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னேன். பெயர்ப்பலகை எழுதுகிறவர் கோயில் போர்டு எழுதிப் பழகினவர். பெரிய சிவப்பு எழுத்தில், நிழல் போட்டு, ‘தட்சன்’ என்று எழுதி வைத்தார். முதல் எழுத்தில் ‘ட’ இருக்க வேண்டிய இடத்தில் ‘த’. மூன்றாம் வகுப்புக் கண்ணுக்கு அது தெரியவில்லை. எழுத்து அழகாக இருக்கிறது என்று அவருக்குச் சாப்பாடும் வாங்கிக் கொடுத்தேன்.

எங்கள் தோட்டத்து எல்லைச் சாமி வீரபத்திரர். லயங்களிலிருந்து டவுனுக்கு இறங்க ஒரே பாதை, அந்தப் பாதையின் வளைவில் அவர் கோயில். எந்த வாகனம் வந்தாலும் அங்கே நிறுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்த பிறகுதான் ஓட்டம். நானும் லொறி வேலையை விட்டு, சாவியைத் தோட்டத்தை நடத்துகிற துரையின் மேசையில் வைத்துவிட்டு, மாலை போட்ட காரோடு வளைவில் போய் நின்றேன். தோட்டமே திரண்டிருந்தது.

பூசாரி எனக்கு மாமன் முறை. சூடத்தட்டோடு காரைச் சுற்றி வந்தவர் பின்பக்கம் நின்றுவிட்டார். எழுத்துக் கூட்டி வாசித்தார். தட்டைக் கீழே வைத்தார்.

“மாப்புள, இது யாரு வாசலுன்னு தெரியுமா? தலைய வெட்டுன சாமி முன்னால, தல போனவன் பேர எழுதிக்கிட்டு வந்து நிக்கிறியே.”

மருமகனான சிவனை மதிக்காமல் யாகம் செய்த தட்சனின் தலையை எடுத்தவர் வீரபத்திரர். கதை தெரியாத ஆள் எங்கள் தோட்டத்தில் இல்லை. எனக்கும் தெரியும். காரோடு சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

அன்றே எழுத்தைச் சுரண்டி, சரியாக எழுதிக்கொண்டு போனேன். எழுத்து மாறினால் ஆள் மாறிவிடுவானா என்று பூசாரி கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை ஹாஜியார் சொன்ன கதையோடு போனேன். மாமா, இது தட்சன் இல்லை, இங்கிலீஷில் சூரியன் பெயர் என்று விளக்கினேன்.

“சூரியனா? அந்த யாகத்துக்குச் சூரியனும்தான் போயிருந்தாரு. அவரு பல்ல ஒடைச்சு அனுப்புனது யாருன்னு நெனைக்கிற?”

கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு லயத்தில் என்னைக் கண்டால், பல்லெல்லாம் இருக்கா அண்ணே என்று கேட்பார்கள்.

சிரிப்பு சிரிப்போடு போகவில்லை. பூசை போடாத காரில் எங்கள் ஆட்கள் ஏறுவதை நிறுத்தினார்கள். டவுனில் சிங்கள ஆட்கள் ஏறினார்கள்தான், ஆனால் அங்கே ஏற்கெனவே பத்துக் கார் வரிசையில் நின்றது. நான் நம்பி வந்தது எங்கள் லயங்களை. உடம்புக்கு முடியாதவர்கள் சிலர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கோயிலுக்கு முன்னால் இறங்கி, வளைவை நடந்து கடந்து, அந்தப் பக்கம் மறுபடி ஏறுவார்கள். கார் தட்சனுடையதாகவே போகட்டும், தாங்கள் காலால் போனவர்களாக இருக்கட்டும் என்று கணக்கு. கொஞ்ச நாளில் அவர்களும் குறைந்தார்கள். லொறிச் சாவியைத் திரும்பக் கேட்டு துரை பங்களா வாசலில் நிற்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வாங்கின காரைத் திருப்பிக் கொடுத்த முதல் லயத்துக்காரன் என்ற பெயரும் எனக்கே வந்திருக்கும்.

அப்போது என் மனைவி ஆறு மாசம். கரவனெல்ல ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போக வேண்டும். எங்கள் பக்கத்து மழை தெரிந்ததுதானே, தொடங்கினால் விடாது. வளைவுக்கு முன்னால் வந்ததும் அவள் கதவுப் பிடியில் கை வைத்தாள். நீயுமா என்று கேட்டேன்.

“கார நம்புறேங்க. ஒங்களையும் நம்புறேன். சாமிகிட்ட வம்பு வேணாம்.”

இறங்கிக் குடையை விரித்தாள். நான் வளைவைத் தாண்டிப் போய் நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சேற்றில் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து வந்தாள். பாதி வழியில் குனிய முடியாமல் குனிந்தாள். அட்டை கடித்திருக்கிறது. ஓடிப் போனேன். கோயில் வாசல் கல்லில் அவளை உட்கார வைத்து, சாமிக்கு முன்னால் இருந்த திருநீற்றை எடுத்து அட்டை மேல் போட்டேன். அது சுருண்டு விழுந்தது. நிமிர்ந்தபோது சிலை கண்ணுக்கு நேராக இருந்தது.

வாளும் கேடயமுமாக வீரபத்திரர். அவர் காலடியில் கை கூப்பியபடி ஒரு சின்ன உருவம். மனித உடம்பு, ஆட்டுத் தலை. சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். பலி கொடுக்க நிற்கிற ஆடு என்று நினைத்து அதன் கொம்பைத் தொட்டு விளையாடியிருக்கிறோம். அன்றைக்குத்தான் விளங்கியது. அது தட்சன். வெட்டின தலைக்குப் பதில் சிவன் ஆட்டுத் தலை வைத்து எழுப்பியதும், கும்பிட்டு மன்னிப்பு வாங்கிக்கொண்ட தட்சன். சொந்தத் தலையோடு வந்தால்தான் அவன் எதிரி. ஆட்டுத் தலையோடு என்றால் கோயிலுக்கு உள்ளேயே இடம்.

படித்தவர்கள் நூறு பேர் அந்தச் சிலையைப் பார்த்திருப்பார்கள். தோன்றியது எனக்குத்தான்.

ஆட்டுத் தலைக்கு எங்கும் அலையவில்லை. நான் கட்டை போட்ட அந்த அமெரிக்க லொறி, தேயிலை ஃபெக்டரிக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடந்தது. அதன் மூக்கில் இரும்பு ஆட்டுக் கடா ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். கிளீனர் காலத்தில் தினமும் துணி போட்டுத் துடைத்தவன் நான். ஃபெக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயாவிடம் கேட்டுக் கழற்றிக்கொண்டு பாஸிடம் போனேன். பாஸ் கடாவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மே மொக்கத மல்லி? எலுவெக்த?”

இது என்ன தம்பி, ஆடா என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம் பாஸ், ஆடுதான் என்றேன். விஷயம் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, புத்தருக்கு விளக்கு வைத்துவிட்டு வந்துதான் துளை போட்டார். இரண்டு துளை. புதுக் காரின் பொனட்டில் டிரில் இறங்கும்போது நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

வெள்ளிக்கிழமை பூசை நேரம். காரை வளைவில் நிறுத்தினேன். பூசாரி ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு விரலை நீட்டினார்.

“இது செம்மறிக் கடா. தட்சனுக்கு வச்சது வெள்ளாட்டுத் தல.”

“ஒங்க சாமி காலடியில நிக்கிறதுக்குக் கொம்பு எப்புடி இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க மாமா.”

உள்ளே போனார். விளக்கைத் தூக்கிப் பிடித்துக் குனிந்து பார்த்தார். வெளியே நின்றவர்கள் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். சிலையின் கொம்பும் சுருண்டுதான் இருந்தது. தொட்டு விளையாடினவனுக்குத் தெரியாதா? திரும்பி வந்தவர் சூடத்தைக் கொளுத்தி முதலில் ஆட்டுக்குக் காட்டினார். நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்தார். தேங்காய் ஒரே அடியில் இரண்டாக விழுந்தது.

“சூடம் தீந்துபோச்சு, டவுனுக்குப் போகணும்,” என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டார். என் மனைவி முன்னால் இருந்தாள். வளைவு வந்தது. கதவுப் பிடிக்குப் போன கை பாதியில் நின்று, மடிக்குத் திரும்பியது. அந்தக் கையை நான் மறக்கவில்லை.

பிறகு பதினைந்து வருடம் அந்தக் கார் ஓயவில்லை. டவுனில் சிங்கள ஆட்கள் ‘எலு கார்’, அதாவது ஆட்டுக் கார், என்றார்கள். முதலில் எனக்குக் கோபம், பிறகு அதுவே எனக்கு விலாசம். ஜப்பானில் கம்பனிக்காரர்கள் டட்சன் என்ற பெயரையே எடுத்துவிட்டு நிசான் என்று போட்டார்கள். நடுவில் ஒருமுறை திரும்பக் கொண்டுவந்து, திரும்பவும் எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. முயலாகப் பிறந்து, மகனாகி, சூரியனாகி, எங்கள் வளைவில் ஆடாகி நின்ற பெயர். என் கொட்டகையில் பத்திரமாக இருக்கிறது.

போன மாதம் கொழும்பிலிருந்து வந்தவரும் மகனும் ஆட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, என் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு தேத்தண்ணியோடு வந்தாள். கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

“தாராளமா கழட்டுங்க தம்பி. வளைவு வந்ததும் நான் எறங்கி நடப்பேன். பேத்தியும் எறங்கி நடக்கணும், கல்யாணச் சேலையோட. சம்மதமான்னு அவகிட்ட கேட்டுட்டுக் கழட்டுங்க.”

மகன் என்னைப் பார்த்தான். நான் காரைப் பார்த்தேன்.

ஆட்டைக் கழற்றத்தான் செய்தார்கள், மினுக்கி மறுபடி பூட்டுவதற்காக. மூன்று நாள் எடுத்தது. நடுவில் கொழும்புக்காரர், எஞ்சின் வேலை முடிந்தது, ரோடு வரைக்கும் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். என் மனைவி கொட்டகை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஆடு திரும்பி வந்து மூக்கில் ஏறுகிற வரைக்கும் கார் ஓர் அடி நகரவில்லை.